கூழ் மணக்குது

"கூழே காச்சுறாய் மீனா? படலை வரைக்கும் மணக்குது!"

கடற்கரையால் வந்த கையோடு இவர் குசினி வாசலில் நின்று கேட்டார்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த நான் அப்படியே நிமிர்ந்துவிட்டேன்.

கூழாவது கத்தரிக்காயாவது! மூடி போட்ட பானைக்குள் கொதித்தது நொச்சி இலை. இவருக்கு ஆவி பிடிக்க, வேது பிடிக்கவென்று காலையில் வேலியில் ஒடித்து வந்தது. நொச்சியின் காட்டம் எவ்வளவு தூரம் போகும்! அடுத்த வளவு மரியநாயகிகூட, "ஆருக்கடி தடிமன்?" என்று வேலிக்கு மேலால் கேட்டுவிட்டாள்.

இவருக்கு மட்டும் அது கூழ்.

கிரேக்கக் கப்பலில் வருடக்கணக்காக நின்றுவிட்டு வந்த மனுசன். வந்த நாளிலிருந்து தடிமன், தடிமன் என்கிறார். விடிந்தால் தலையணையில் இரத்தப் பொட்டு. படுத்தால் மூக்குக்குள் விசில். கேட்டதற்கு, கப்பலில் கொஞ்சம் தூள் பழகிவிட்டேன் என்றார்.

என் அப்புவும்தான் சாகும்வரை மூக்குத்தூள் போட்டார். அவருக்கு என்ன வந்தது? போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் பயந்தது வேறொன்றுக்கு.

கலியாணம் முடித்த புதிதில், தொழிலால் வந்ததும் கைகூடக் கழுவாமல் என் கொண்டைக்குள் முகத்தைப் புதைப்பார். பூ வைத்திருந்தாலும் சரி, வெறும் எண்ணெய்த் தலையென்றாலும் சரி. இப்போது நாள் தவறாமல் மல்லிகை வைக்கிறேன், கிட்ட வருவதில்லை. எந்தத் துறைமுகத்தில் எவள் இருக்கிறாளோ என்று, ஒரே பாயில் படுத்துக்கொண்டு தனியே அழுதேன்.

இன்றைக்கு வெறுத்தே போய்விட்டது. ஆருக்காக என்று பூவே வைக்கவில்லை.

நேற்றுத்தான், இவரோடு அதே கப்பலில் வேலை செய்த நீக்கிலாப்பிள்ளை அண்ணை, இவர் இல்லாத நேரம் பார்த்து வந்தார்.

"தங்கச்சி, அது புகையிலைத் தூள் இல்லை. கொக்கேயின். மூக்கின்ரை நடுச்சுவரைத் திண்டு ஓட்டை போட்டிட்டுது. டொக்டர் ஒரு பக்கத்தாலை டோர்ச் அடிக்க, மற்றப் பக்கத்தாலை வெளிச்சம் தெரிஞ்சுது. மணமும் போச்சு. இனித் திரும்பாதாம்."

கண்டறியாத கதை என்று அவரைத் துரத்தாத குறையாக அனுப்பிவைத்தேன். எந்தத் தூளென்றால் என்ன, வேது பிடித்தால் இறங்காதா?

இப்போது இவர் வாசலில் நிற்கிறார். விடையைச் சொல்லிவிட்டு வாத்தியாரின் முகத்தைப் பார்க்கும் பிள்ளை மாதிரி என்னையே பார்க்கிறார்.

எவளும் இல்லை!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அடுத்த மூச்சிலேயே அது போய்விட்டது. மணம் தெரியாதது பிடிபட்டுவிடும் என்றல்லவா பாவி மனுசன் இவ்வளவு நாளும் தூர நின்றிருக்கிறார். நான் ஒரு பக்கம் தனியே, இவர் ஒரு பக்கம் தனியே.

"ஓம், கூழ்தான். கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

இனி மரியநாயகியிடம் ஓடிப்போய் ஒடியல் மா வாங்கினால்தான் கூழ்.

இவரின் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் துணிவில், கப்பலால் வந்த பிறகு முதல்தடவையாகக் கிட்ட வந்தார். புகைக்குப் பயந்து நான் முந்தானையால் மூடியிருந்த தலையில், சேலைக்கு மேலாகவே முகத்தைப் புதைத்தார். நீளமாக மூச்சை இழுத்தார். மூக்கு விசிலடித்தது.

"மல்லிகை. அதே மணம்" என்றார்.

முந்தானை விலகிவிடாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.