பன்னிரண்டாவது நாற்காலி

“அப்போ நாற்காலி சும்மா கெடக்கட்டுங்கியா?”

“கெடக்கட்டும். என் கால ஊரு பாக்க வேண்டாம்.”

புஷ்பத்தின் வீட்டில் அமலோற்பவம் போட்ட சத்தம் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. அவள் என்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

பெரிய வியாழன். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரை நாற்காலியில் உட்காரவைத்துப் பாதங்களைக் கழுவுவார். தெருவுக்கு ஒருவர். சீட்டுக் குலுக்கியதில் இந்தத் தெருவுக்கு விழுந்தது புஷ்பத்தின் பெயர்.

புஷ்பம் உப்பளத்தில் வேலை செய்கிறவள்.

அமலோற்பவம் தெருவின் செபக் குழுத் தலைவி. பதினாறு வருஷம். அவள் தெரு நாற்காலி ஒரு தடவைகூடக் காலியாக இருந்ததில்லை.

கடவுள் உன்னை நேசித்தாரே, பதிலுக்கு நீ என்ன செய்தாய் என்று தவக்காலம் முழுக்கச் சாமியார் கேட்டார்.

அமலோற்பவம் மீனை நிறுத்தினாள். வாயை நிறுத்தவில்லை.

“ஏட்டி, பன்னெண்டுல ஒண்ணு கொறஞ்சா, யூதாஸ் நம்ம தெருதாம்பான்.”

“சொல்லட்டுங்க்கா. எனக்கு நிக்கவே முடியல.”

சாமியார் கழுவப்போகிற காலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டு போவதுதான் இங்கே வழக்கம். போன வருஷம் ஒருத்தி மருதாணியே வைத்துக்கொண்டு போனாள். அதை விடுங்கள்.

அமலோற்பவம் வெந்நீர் வைத்தாள். டப்பில் ஊற்றினாள்.

“நீட்டு.”

புஷ்பம் சுவரில் சாய்ந்து நீட்டினாள். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

முழங்கால் மடங்காது என்று கோவிலில் தனி நாற்காலி போட்டு உட்காருகிறவள் அமலோற்பவம். தரையில் எப்படித்தான் உட்கார்ந்தாளோ. தேங்காய் நாரை எடுத்தாள். திட்டத் திட்டத் தேய்த்தாள்.

“இது காலா, கரிசக்காடா?”

வெடிப்புகளில் உப்பு ஏறியிருந்தது.

குதிகாலில் ஒரு புண். விரல் நுனி போகும்.

நாரைக் கீழே வைத்தாள்.

அப்புறம் கையால்தான்.

திட்டு நின்றுபோனது. காதைத் தீட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்கு ஏமாற்றம்.

புஷ்பம் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்து. ஒரு கால் இன்னும் தண்ணீரில்.

முதல் மணி அடித்தது.

அமலோற்பவம் அவள் தோளைத் தட்டப் போனாள். கை பாதியில் நின்றது.

இரண்டாம் மணி.

அந்தக் காலைத் தூக்கி, பூசைக்கென்று கட்டியிருந்த பட்டுச்சேலை முந்தானையால் துடைத்தாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

கோவிலில் பதினொரு பேர்.

காலி நாற்காலி முன்னால் சாமியார் குடத்தோடு கொஞ்சம் நின்றார். ஊரே திரும்பி அமலோற்பவத்தைப் பார்த்தது. அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூதாஸ் தெரு என்று பேசத்தான் செய்தார்கள். நம் வாயும் சும்மா இருக்கவில்லை.

ஆகஸ்டில் அமலோற்பவம் கோயம்புத்தூருக்கு, மகன் வீட்டோடு போய்விட்டாள். தலைவி பதவிக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டிருந்த நேரம். வழியனுப்ப யாருக்கும் ஒழியவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்தது புஷ்பம் ஒருத்திதான். அன்றைய கூலியை விட்டுவிட்டு.