இரண்டாம் முறை கோட்டைக்குள்

“இல்லைப் பிள்ளை, தீர்த்தத்தை இப்பிடி எறியக்கூடாது. கேவலார் மாதா கோயிலிலை நாங்கள் வரிசையிலை நிண்டு போத்திலிலை பிடிக்கிறம். இவள் எலும்புக்கூட்டின்ரை தலையிலை உடைக்கிறாள்.”

“அது பேய்க்குத்தான் அம்மா எறியிறது.”

“பேய்க்கெண்டாலும் போத்தில் வீண்தானே.”

அன்ரனிற்றா சிரிக்கவில்லை. அவளுடைய கட்டைவிரல்கள் கேம்போய் விளையாட்டுக் கருவியின் பொத்தான்களில் ஓடிக்கொண்டிருந்தன. சின்னத் திரையில், விளக்கும் தீர்த்தப் போத்திலும் ஏந்திய ஒரு பெண் பாழடைந்த கோட்டையின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் தாய் லூர்தம்மா, கைப்பையை மடியில் வைத்து, கழுத்தை நீட்டி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையின் காத்திருப்பு அறை. யன்னலுக்கு வெளியே, வுப்பர் ஆற்றுக்கு மேலாகத் தொங்குரயில் ஒன்று ஆடிக்கொண்டே போனது.

இது இரண்டாவது Termin, டொக்டரைப் பார்க்கக் குறித்துக் கொடுத்த நாள்.

மூன்றாம் வகுப்பிலிருந்து அன்ரனிற்றாதான் அந்த வீட்டின் வாய். ஜேர்மன் பேசுகிறவர்கள் சொல்வதெல்லாம் அவள் வழியாகத்தான் உள்ளே வரும். வரும்போது முள் எடுத்த மீனாக வரும்.

வீட்டுச் சொந்தக்காரர் ஒருநாள் படிக்கட்டில் நின்று முகம் சிவக்கக் கத்தித் தீர்த்தார். வாய் ஓய்ந்ததும் லூர்தம்மா மகளைப் பார்த்தாள்.

“குப்பையை மாறி மற்ற வாளிக்கை போட்டிட்டமாம்.”

“இதுக்கே இவ்வளவு நேரம்?”

“ஓம், ஜேர்மனிலை வசனம் நீளம்.”

அன்று இரவு தாயும் மகளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

போன முறை டொக்டர் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் நிறுத்தி, பதினைந்து வயதுப் பிள்ளை அதைத் தாய்க்குச் சொல்லும்வரை காத்திருந்தார்.

அவர் சொன்ன நோய்க்குத் தமிழில் என்ன பெயரென்று அன்ரனிற்றாவுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில், நோயாளருக்கான மன்றாட்டில் அந்தச் சொல் வரும். முழந்தாளில் நின்று எல்லாரோடும் சேர்ந்து அவளும் அதற்காகச் செபித்திருக்கிறாள்.

அந்தச் சொல்லை அவள் வெளியே விடவில்லை.

“மார்பிலை சின்னக் கட்டியாம் அம்மா. இன்னொருக்கா வரட்டாம்.”

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கட்டி சின்னதென்று டொக்டரும்தான் சொன்னார். கெதியாக வெட்ட வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த முறை பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா என்று அவளுக்கென்றே தனியாக ஒன்று சொன்னார். அதையும் அவள் தமிழாக்கவில்லை.

பாண் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த தகப்பனுக்கும் அதே ‘கட்டி’, அதே ‘சின்னது’ என்றுதான் சொன்னாள்.

அன்று மாலைதான் அவள் இந்த விளையாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கோடையிலேயே ஆடி முடித்த விளையாட்டு. புதியது வாங்கித் தரட்டா என்று தகப்பன் கேட்டபோது வேண்டாமென்றுவிட்டாள். இந்தக் கோட்டையில் எந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மணிக்கூண்டில் ஏறினால் வௌவால்கள். சமையற்கூடத்தில் கத்தியோடு தலையில்லாத சமையற்காரன். கல்லறைக்குள்ளிருந்து எழும்பும் மணப்பெண்.

தெரியாதது எதுவும் அங்கே வராது.

இன்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பார்கள். தாய் கையெழுத்து வைக்க வேண்டும். எதற்கென்று சொல்வது? கட்டியை எடுத்துவிட்டால் சரியாம். அப்படிச் சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. காலையிலிருந்து பல்லுக்குள் அந்த வசனத்தை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

திரையில் நீண்ட நடை. ஓரத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. விளக்குக்காரி அதை நெருங்கினாள். கண்ணாடி நொறுங்கி, உள்ளிருந்து ஒரு கை நீண்டது. அன்ரனிற்றாவின் விரல் முன்பே அழுத்திவிட்டிருந்தது. விளக்குக்காரி துள்ளி விலகினாள்.

“நீ இப்ப துள்ளுறேல்லை, என்ன?” என்றாள் லூர்தம்மா.

“எப்ப துள்ளினனான்?”

“முதல் இதை விளையாடேக்கை துள்ளுவாய். இந்தக் கை வந்த நேரம்தானே பஸ்ஸிலை அந்தக் கிழவன்ரை காலை மிதிச்சனி. அந்தாள் இறங்குமட்டும் புறுபுறுத்தது. நீ அதையும் எனக்கு ‘பரவாயில்லையாம்’ எண்டு சொன்னனி.”

“இப்ப எனக்கு என்ன வருமெண்டு தெரியும்தானே.”

“அதுதான் பாத்தனான். அது வர முதலே சொண்டைக் கடிக்கிறாய்.”

அன்ரனிற்றா கீழுதட்டைப் பல்லிலிருந்து விடுவித்தாள்.

கதவு திறந்தது. தாதி வாசலில் நின்று ஜேசுரட்ணம் என்ற அவர்களுடைய குடும்பப் பெயரை, நடுவில் ஒருமுறை தடுக்கி, வாசித்தாள்.

கோட்டை அப்படியே நின்றது. அன்ரனிற்றா கருவியை மூடாமல் கையில் வைத்திருந்தாள். லூர்தம்மா எழுந்து, மேலங்கியின் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் பூட்டினாள். பூட்டி முடித்தபிறகும் கடைசிப் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

“போனமுறை டொக்டர் கதைச்சு முடிச்சாப்பிறகும் உப்பிடித்தான் சொண்டைக் கடிச்சனி. கடிச்சுப்போட்டுத்தான் எனக்குச் சொன்னனி.”

தாதி கதவைத் தோளால் தாங்கியபடி காத்துக்கொண்டு நின்றாள்.

“இண்டைக்கு முள் எடுக்காமல் முள்ளோடையே சொல்லு பிள்ளை. சொல்லுவியே?”