பிளாஸ்டிக் போதும்

“பூட்ஸைக் கழட்டிட்டு நிம்மதியா உட்காருடா. வந்ததுலேர்ந்து காவல் நிக்கற மாதிரியே நிக்கறே” என்றாள் அம்மா.

மகன் சிரித்துக்கொண்டே கழற்றினான். காலுறையையும் உருவி எறிந்துவிட்டு, உலோகம் உருகிக்கொண்டிருந்த அடுப்பின் அருகே, அம்மாவுக்கு வலது பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

இரண்டு நாள் விடுப்பு முடிந்துவிட்டது. மாலை ஆறு மணி ரயிலில் படைக்குத் திரும்ப வேண்டும்.

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்கான சின்னஞ்சிறு சிப்பாய்களைச் செய்யும் பட்டறை அது. ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரம். வார்ப்பதும் அம்மாதான், வண்ணம் தீட்டுவதும் அம்மாதான்.

ஜன்னலோரம் முப்பது பேர் காய்ந்துகொண்டிருந்தார்கள். மகன் ஒருவனை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“அட, எங்க ஆளுங்க! தோள்ல மஞ்சள் முக்கோணம்கூட இருக்கே. ஆனா எங்க சார்ஜன்ட் இவ்வளவு ஒல்லி இல்லம்மா. அவரை வார்க்கணும்னா உனக்கு ரெண்டு சட்டி வேணும்.”

அம்மா சிரிக்கவில்லை.

போன வாரம் ஆர்டர் கொடுத்தவர் சாதாரண உடையில்தான் வந்தார். முடியை மட்டும் ஒட்ட வெட்டியிருந்தார். விளையாட்டு கிளப்புக்கு என்றார். மூன்று படைகள் வேண்டுமாம்.

அம்மா எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னாள். ரெசினில் கண் இமைகூடத் தெரியும், கீழே விழுந்தால் உடையும். உலோகம் கனம், காலத்துக்கும் நிற்கும். பிளாஸ்டிக் மலிவு, ஃபேன் காற்றுக்கே சாயும்.

சிவப்புப் பட்டைப் படையையும் பச்சைப் பட்டைப் படையையும் உலோகத்தில் கேட்டார். பிறகு மஞ்சள் முக்கோணத்தின் படத்தை நீட்டினார்.

“இவங்களுக்கு பிளாஸ்டிக் போதும்மா. பாலத்துல முதல்ல ஏத்தறது இவங்களைத்தான். பத்து நிமிஷம்கூட மேசையில இருக்க மாட்டாங்க.”

அந்த முக்கோணம் எந்த விளையாட்டுப் புத்தகத்திலும் கிடையாது. புதிதாகக் கொடுத்த பட்டை என்று மகன் போன மாதம்தான் படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

முப்பது தோள்களிலும் அதை மூன்றே முடியுள்ள பிரஷ்ஷால் தீட்டி முடித்திருந்தாள்.

“திங்கட்கிழமை எங்கயோ ஒரு பாலத்துக்குக் காவலாம்மா. வெட்டி வேலை. பசங்க சீட்டுக்கட்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.”

அம்மா கரண்டியைச் சட்டியில் முக்கி எடுத்தாள்.

அச்சு அவளுடைய இடது பக்கம் இருந்தது. கரண்டி வலது பக்கம் சாய்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுப் போட்டு முடித்து, ஆறு மாதத்துக்கு இந்தக் கால் தரையில் பதியாது என்றார். எப்படி ஆயிற்று என்று அம்மாவைக் கேட்டார்.

“நான்தான் தட்டி விட்டுட்டேன் டாக்டர்” என்று மகன் முந்திக்கொண்டான்.

டாக்டர் போனதும், கூரையைப் பார்த்தபடியே பேசினான்.

“அடுப்புப் பக்கம் வெறுங்காலோட வந்தா விரட்டி விரட்டி அடிக்கிற ஆளும்மா நீ. இன்னைக்கு நீயே கழட்டச் சொன்னே. என்னம்மா தெரியும் உனக்கு?”

சொன்னாள். வந்தவர், பாலம், பத்து நிமிஷம், எல்லாவற்றையும்.

அவன் எழுந்து உட்காரப் பார்த்தான். வலியில் முகம் கோணியது.

“என் போனைக் கொடும்மா. பசங்ககிட்ட சொல்லணும்.”

சொன்னால், யார் சொன்னது என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்து, இந்தக் கால் எப்படி வெந்தது என்பார்கள். அதன்பிறகு மகனை எங்கே கொண்டுபோவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

“பதட்டத்துல பட்டறையிலேயே விட்டுட்டேன்டா.”

மணி ஆறாகப் போகிறது. ரயிலில் அந்தப் பசங்கள் இவனுக்காக இடம் பிடித்து வைத்திருப்பார்கள்.

மடியிலிருந்த கைப்பையை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். உள்ளே போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.