பேன் இல்லாத குஞ்சு

வெள்ளைத் தாளில் ஒன்றும் விழவில்லை.

சந்திரமதி குயில் குஞ்சை இடது கையில் மல்லாத்திப் பிடித்திருந்தாள். வலது கையில் மரச் சீப்பு. கழுத்தை வாரினாள். இறக்கையின் அடி. வால் முளைக்கும் இடம். மறுபடியும் கழுத்து.

தாள் வெள்ளையாகவே இருந்தது.

பறவைகளின் மேல் வாழும் பேன்களை எடுத்துச் சீசாவில் போட்டு, எந்தப் பறவை, எந்த ஊர் என்று சீட்டு ஒட்டுவது அவள் வேலை. சுகாதார இலாகாவின் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடமாக. இந்தக் குஞ்சு இன்று காலை, காஜா பெராங் பகுதியில் இருக்கும் அவள் வீட்டுக் கொல்லையில் கட்டிய வலையில் விழுந்தது. காக்கைக் கூட்டில் வளரும் குயில் அல்ல, அதைவிடச் சின்ன இனம்.

வெளியே செம்பருத்திச் செடியில் ஒரு தையல் சிட்டு கத்திக்கொண்டிருந்தது. அலகில் பச்சைப் புழு. உருவத்தில் குஞ்சில் பாதிகூட இல்லை. இலையை இலையோடு தைத்துக் கட்டிய கூட்டில், வேறொருத்தி வைத்துவிட்டுப் போன முட்டையை அடைகாத்தது அதுதான். குஞ்சு பறக்கத் தொடங்கிய பிறகும் ஊட்டுவதை விடவில்லை.

பெற்றது ரம்புத்தான் மரங்களுக்குள் எங்கோ கூவும். இறங்கி இறங்கி அடங்கும் குரல். மலாய்க்காரர்கள் அதைப் பிள்ளை செத்த பறவை என்பார்கள்.

பேன் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது. உடம்போடு உடம்பு ஒட்டும்போது ஏறிக்கொள்ளும். ஆனால் தையல் சிட்டின் பேனுக்குத் தையல் சிட்டுதான் வீடு. பறவை கோதிக் கோதி உதிர்த்ததில் தப்பியவைதான் பெருகின. எத்தனையோ ஆயிரம் வருடமாக இதுவே நடந்து, கால்கள் அந்த இறகின் கனத்துக்கு அளவெடுத்ததுபோல் ஆகிவிட்டன. வேறு இறகில் அவற்றுக்குப் பிடி கிடைக்காது. விழுந்துவிடும்.

குயிலுக்கும் சொந்தப் பேன் உண்டு. வளர்ந்த பின், தன்னைப் போன்ற ஒன்றோடு சேரும் நாளில்தான் அது கிடைக்கும்.

அதுவரை அதன் மேல் யாருடையதும் இல்லை.

இது பதினோராவது குஞ்சு. பதினொன்றும் இப்படித்தான்.

நோட்டில் எழுதினாள்: பேன் இல்லை.

நோட்டுக்குப் பக்கத்தில் குடியுரிமை பாரம் கிடந்தது. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஏழு மாதம். பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்குக் குறித்த நாள் இன்று. பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் நிரப்பியாகிவிட்டது. இனம் என்ற இடம் மட்டும் ஒரு வாரமாகக் காலி.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. தம்பி தியாகு. கல்யாணமாகி செமாபோக்கில் இருக்கிறான். உள்ளே வந்ததும் பாரத்தைத்தான் பார்த்தான்.

"குருவிக்குப் பேன் பாக்க நேரமிருக்கு, இதை எழுத இல்லையா? சீனர்னு போட்டுடுக்கா. ஆபீசர் உன் மூஞ்சியப் பாப்பான், சீலக் குத்துவான், முடிஞ்சுது. தமிழர்னு போட்டா தத்தெடுத்த பேப்பர் எங்கம்பான். அம்மாவா எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவுது?"

அவன் சொன்னதில் தப்பில்லை. பேப்பர் கிடையாது. முப்பத்து நான்கு வருடத்துக்கு முன், பிறந்து ஐந்தாம் நாள், துண்டில் சுற்றி அவளைத் தூக்கி வந்தாள் அம்மா சாரதாம்பாள். கொடுத்த சீனக் குடும்பம் எது என்று கடைசிவரை சொல்லவில்லை. அம்மா போய் நாலு மாதமாகிறது. அவள் படுத்த பாய் சுருட்டியபடி மூலையில் நிற்கிறது.

அம்மாவோடு போகும்போது யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது கோயிலில் புதிதாக வந்த குருக்கள் திருநீற்றைக் கொடுத்து மலாயில் பேசுகிறார். மளிகைக் கடைச் சீனக் கிழவி தன் ஹொக்கியன் மொழியில் ஏதோ கேட்பாள். சந்திரமதி விழிப்பாள். கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இரண்டு இடத்திலிருந்தும் அவள் சீக்கிரம் வெளியே வந்துவிடுவாள்.

சன்னலுக்குப் போய்க் கையைத் திறந்தாள். குஞ்சு செம்பருத்தியில் உட்கார்ந்து வாயைப் பிளந்தது. தையல் சிட்டு அதன் முதுகில் ஏறி நின்று புழுவை உள்ளே தள்ளியது.

திரும்பினாள். சீப்பு தியாகுவின் கையில் இருந்தது.

"இது அம்மாவோட பேன் சீப்பு இல்ல? இதையா குருவிக்குப் போடுற?" சிரித்தான். "பள்ளிக்கூடத்துலேருந்து நீ கொண்டாந்து விட்ட பேனு. சின்னக்கா தலை, என் தலை, கடைசில அம்மா தலை. எல்லாருக்கும் இதாலதான் வாரிச்சு. மொட்டை போட்டது மட்டும் எனக்கு."

அவள் சிரிக்கவில்லை.

மூலையில் இருந்த பாயைப் பார்த்தாள். அதே பாய். நான்கு பேரும் அதில்தான் படுத்தார்கள்.

அவள் தலையிலிருந்து ஏறியது மற்ற மூன்று தலையிலும் பிடித்து நின்றது. விழவில்லை. அம்மா வாரம் முழுக்க வாரியும் போகவில்லை.

பேனாவை எடுத்தாள். காலி இடத்தில் ஒரே சொல்லை எழுதி, மை காயும்வரை ஊதினாள். அவன் கையிலிருந்து சீப்பை வாங்கித் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

தியாகு குனிந்து படித்தான். தமிழர்.



தலையைச் சொறிந்துகொண்டான்.