வெளியே கேட்காத சத்தம்

“ஒண்ணு அந்த கிட்டார் வெளிய போகணும், இல்ல நீ வெளிய போகணும். எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ தம்பி” என்று வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார் வீட்டுக்காரம்மா.

அவருக்குப் பின்னால் பக்கத்து அறை நர்ஸ், கையைக் கட்டிக்கொண்டு, சிவந்த கண்களோடு நின்றாள். இரவு டியூட்டிக்குப் போகிறவள். சாயங்காலம்தான் அவளுக்குத் தூக்க நேரம்.

இந்த ஊருக்கு வந்து, கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலையில் சேர்ந்து, பார்த்தவரிடமெல்லாம் கெஞ்சிக் கடைசியில் கிடைத்த அறை இது. போனில் அம்மா கேட்கும்போதெல்லாம், “ராஜா மாதிரி இருக்கேம்மா” என்று சொல்லி வைத்திருக்கிறான். இதையும் விட்டால் ராஜாவுக்குத் தெருதான்.

“அம்மா, சத்தியமா சொல்றேன், கிட்டார் சத்தம் வெளிய வரவே வராது. உள்ள வந்து பாருங்க.”

“ஒத்தை ஆளு, வாயைத் திறக்காத பையன்னு நம்பித்தானே ரூம் குடுத்தேன்?” என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். நர்ஸும் பின்னாலேயே வந்தாள்.

உள்ளே ஒரு கட்டில். சுவரில் சாய்ந்து கிட்டார். தரையில் செங்கல் அளவில் ஒரு பெட்டி, அதன் தலையில் வரிசையாகத் திருகு குமிழ்கள்.

“இது என்ன, எங்க வீட்டுப் பழைய ரேடியோ குட்டி போட்ட மாதிரி இருக்கு?”

“பெடல்மா. கிட்டார் ஒயரை இதுல சொருகணும்.” இதைப் பற்றிக் கேட்க இந்த ஊரில் யாருமே இருந்ததில்லை. அவனுக்குப் பேச்சு மடை திறந்தது. “அந்தக் காலத்துல இங்கிலாந்துல, கிட்டார் சத்தத்தைப் பெருசாக்க பீரோ சைஸுக்கு ஆம்ப்னு ஒண்ணு செஞ்சாங்க. உள்ள வால்வு. பழைய ரேடியோவுல சிவப்பா எரியுமே, அதேதான். அது சூடாகச் சூடாக, கிட்டார் சத்தம் கரகரன்னு கிழியும் பாருங்க, அப்படியே உடம்பு சிலிர்க்கும். அந்த ஆம்ப் வாங்கணும்னா என்னை வித்தாலும் ஆகாது. இந்தப் பெட்டி அதே மாதிரி பேசும். எல்லாம் உள்ள இருக்கற சிப்போட வேலை.”

“மிமிக்ரின்னு சொல்லு.”

“ஆமாம்மா, மிமிக்ரிதான்.”

“மிமிக்ரி பண்றவன்கூட நடுவுல தண்ணி குடிக்க நிறுத்துவான்” என்றாள் நர்ஸ். “இங்க ஒரே கும்மாளம். பொழுது சாய்ஞ்சா ஆரம்பிச்சிடுது.”

“ஊர்ல நாங்க நாலு பேரு சிஸ்டர். ஒரு ஓட்டை ஆம்ப வச்சுக்கிட்டு, இந்தச் சத்தம் வருமான்னு மல்லுக்கட்டுவோம். இப்ப சத்தம் கிடைச்சிடுச்சு, ஆனா...”

“கதையெல்லாம் அப்புறம். சத்தத்துக்கு வழி சொல்லு” என்றார் வீட்டுக்காரம்மா.

அவன் ஹெட்போனை எடுத்துக் காட்டினான். “இதுக்குள்ளதான்மா எல்லாம். காதை விட்டு ஒரு நூல்கூட வெளிய தாண்டாது. நீங்க ரெண்டு பேரும் சிஸ்டர் ரூம்ல போய் உட்காருங்க. நான் வாசிக்கறேன். கேட்டுச்சுன்னா இன்னிக்கே மூட்டை கட்டறேன்.”

“எப்பவும் போல வாசிக்கணும்” என்றார் வீட்டுக்காரம்மா. “எங்களுக்காகப் பூனை மாதிரி வாசிச்சா செல்லாது.”

“எப்பவும் போலவே வாசிக்கறேன்.”

அவர்கள் போனதும் ஹெட்போனை மாட்டினான். குமிழ்களைக் கடைசி வரைக்கும் திருகினான். முதல் மீட்டலிலேயே பீரோ பீரோவாக ஆம்ப்கள் எழுந்து நின்று உறுமின. கண் தானாக மூடிக்கொண்டது. கிடங்கு போயிற்று, பசை நாற்றம் போயிற்று, சுவர் நாலும் போயிற்று. விரல் போன போக்கில் விட்டான். மூட்டை கட்டும் பயம்கூட எங்கோ தூரத்தில் நின்றது.

யாரோ தோளைத் தொட, தூக்கிவாரிப் போட்டது. ஹெட்போனை உருவினான். வீட்டுக்காரம்மாவும் நர்ஸும் அறைக்குள் நின்றிருந்தார்கள். இருவர் முகத்திலும் கோபம் இல்லை. அதுவே அவனுக்குப் பாதி உயிர் தந்தது.

“கேட்டுச்சாம்மா?”

“கிட்டாரா? ஒரு நரம்புகூடக் கேக்கல.”

“நான்தான் சொன்னேனே!” அவனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. “பாத்தீங்களா சிஸ்டர்? இது வேற எந்த ரூம் சத்தமோ.”

“கிட்டார்னு நான் எப்ப சொன்னேன்?” என்றாள் நர்ஸ், மெதுவாக. “தூங்க முடியலைன்னுதான் சொன்னேன். அம்மாதான் உங்க கிட்டாரை நினைச்சுக்கிட்டாங்க.”

அவனுக்குப் புரியவில்லை. அதற்குள் வீட்டுக்காரம்மா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்; மூன்றாவது மாடி.

அவன் சிரித்துவிட்டான். “நல்லா தேடிக்கோங்கம்மா. இந்த ரூம்ல ஸ்பீக்கரே கிடையாது.”

“ஸ்பீக்கரை யாருப்பா தேடறா?” குளியலறைக் கதவையும் திறந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மா குழப்பத்தோடு அவன் பக்கம் திரும்பினார். “‘டேய், இருங்கடா, போயிடாதீங்கடா, இன்னும் ஒரே ஒரு தடவை’ன்னு இப்பக்கூட சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டிருந்தியே... அந்தப் பசங்களைத்தான் தேடறேன்.”