தோணிச்சு, வச்சேன்

“தோணிச்சு, வச்சேன்.”

குதிரையைக் கட்டத்தில் வைத்துவிட்டு ஓஸ்வால்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். யோசிக்க எடுத்துக்கொண்டது ஒரு தும்மல் நேரம்.

காக்ஸ் டவுன் மாதாகோயில் ஹாலில் கூடியிருந்த செஸ் கிளப்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

“கர்த்தர் குடுத்த வரம், வேறென்ன!” என்றார் காரியதரிசி தியோடர்.

“கணக்கெல்லாம் குமாஸ்தாவுக்குத்தான் தியோடர். ஆட்டக்காரனுக்கு உள்ளே ஒரு மணி அடிக்கணும்.”

எதிரே அனந்தபத்மநாபன், சமஸ்தான சர்வே இலாகாக்காரர், விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “அவர் இதை வெட்டினா, நான் அதை வெட்டினா…” ஒரு சிப்பாயை நகர்த்த அவருக்குக் கால் மணி நேரம் வேண்டும்.

“சார், பேக ஆகட்டும், சீக்கிரம்! ஆறு மணிக்குக் கொயர்காரங்க பாட வந்துடுவாங்க,” என்று தியோடர் அவசரப்படுத்தினார்.

“கணக்கு முடியாம நான் காய்ல கை வைக்கறதில்லே.”

“காயை நகர்த்துங்கன்னா நிலத்தை அளக்கறீங்களே!” என்றார் ஓஸ்வால்ட். ஹாலே சிரித்தது.

இன்று ஜெயிப்பவர்தான் மைசூர்ப் போட்டிக்குப் போவார். போகப்போவது ஓஸ்வால்ட்தான் என்று ஓஸ்வால்டே ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அவர் மனைவி பவுலின், அவருடைய விசேஷக் கோட்டை இஸ்திரி போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தும் ஆயிற்று.

ஓஸ்வால்டின் உள்ளுணர்வுக்கு ஒரு விலாசம் உண்டு. அந்த 1936-இல்தான் கிளப் நம்மூர் வழக்கத்தை விட்டு இங்கிலீஷ் சட்டத்துக்கு மாறியிருந்தது. வாசகசாலையில் இருந்த ஒரே இங்கிலீஷ் செஸ் புத்தகத்தை எடுத்துவந்து, பழுப்புக் காகித அட்டை போட்டு, ஜெபப் புத்தகம் மாதிரி இரண்டு மாதம் உருப்போட்டிருந்தார்.

இன்றைய ஆட்டமோ புத்தகத்திலிருந்து அப்படியே இறங்கி வந்தது போலிருந்தது. அனந்தபத்மநாபன் எண்ணி எண்ணி, கடைசியில் அச்சில் இருந்த காயையே வைத்துக்கொண்டிருந்தார். பாவம், இத்தனை மண்டையை உடைத்துக்கொண்டு இதைத்தானா கண்டுபிடிக்கிறார் என்று ஓஸ்வால்டுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

ஒரே ஒரு குறை. பதினாலாவது நகர்த்தலுக்கு அப்புறம் புத்தகத்தில் ஒரு தாள் இல்லை. கரையான் வேலையாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அதற்குள் எதிராளி கையைத் தூக்கிவிடுவார் என்று தோன்றியது. உண்மையிலேயே அவருக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

பதினைந்தாவது நகர்த்தல். அனந்தபத்மநாபன் வழக்கம்போல முணுமுணுத்துவிட்டு, குதிரையைத் தூக்கி நட்டநடுவில் வைத்தார்.

ஓஸ்வால்ட் பலகையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சுவரிலிருந்த சிலுவையைப் பார்த்தார்.

“என்ன சார், மணி அடிக்கலையா?” பின்னாலிருந்து ஒரு குரல்.

“அடிக்கும், அடிக்கும்.”

கொயர்காரர்களே வந்து நின்றுவிட்டார்கள். ஓஸ்வால்ட் எதையோ எடுத்து எங்கேயோ வைத்தார். அதற்கப்புறம் ஆறே நகர்த்தல். செக்மேட்.

“பாத்தீங்களா! மூளை ஜெயிச்சிடுச்சு,” என்று தியோடர் கூசாமல் கட்சி மாறினார். “வரமாவது கிரமாவது. கணக்குதான் சார் கணக்கு!”

அனந்தபத்மநாபன் அடக்கமாகச் சிரித்து, வியர்வையைத் துடைக்கக் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே நாலாக மடித்த ஒரு தாள் ஓஸ்வால்டின் காலடியில் வந்து விழுந்தது.

எடுத்துப் பிரித்தார். இங்கிலீஷ் அச்சு. ஓரத்தில் கிழித்த பிசிறு. பக்கம் நாற்பத்தேழு. முதல் வரியே பதினைந்தாவது நகர்த்தல், நட்டநடுவில் குதிரை.

‘திருட்டு!’ என்று கத்த வாயைத் திறந்தார். நாற்பத்தாறாம் பக்கம் வரை உமக்கு எப்படித் தெரியும் என்று தியோடர் கேட்பாரே?

வாயை மூடிக்கொண்டார். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

“சார், உங்க கணக்கு கீழே விழுந்துடுச்சு.”

அனந்தபத்மநாபனின் முகம் வெளுத்தது. “என்… என்னோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

ஓஸ்வால்ட் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“தோணிச்சு சார்.”