பித்தளை நாக்கு

தூண்டில் ரீலின் திருகாணியைக் கழற்றியதும் சக்கரம் கையோடு வந்துவிட்டது.

இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. சக்கரத்தின் முதுகில் பல் பல்லாக ஒரு வட்டம். அதைத் தொட்டபடி, நெல்மணி அளவில் ஒரு பித்தளை நாக்கு. அதை முட்டுக்கொடுத்து ஒரு கம்பிச் சுருள். நூல் ஓடும்போது நாக்கு ஒவ்வொரு பல்லாகத் தட்டும்.

அதுதான் அந்தக் கிர்ர்ர்.

அதுதான் கண்மாய் முழுக்கக் கேட்கிறதாம்.

தூண்டில் ரீலை அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். முதல் சம்பளத்தில். அப்பாவுக்கு இந்தப் பழைய மாடல்தான் வேண்டியிருந்தது. கைக்கு வந்த அன்று முழுக்க, காதோரம் வைத்துச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது சத்தத்தை எடுத்துவிடு என்கிறார்.

போன வாரம் விடிவதற்கு முன்னால், மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்குப் பக்கம் கருவேல மறைவில் உட்கார்ந்திருக்கிறார். பெரிய கெண்டை இழுத்திருக்கிறது. ரீல் கத்தியிருக்கிறது. மறுகரையிலிருந்து ஊர்க்காரர் ஒருவரின் குரல். காலனிக்காரனுக்குக் கண்மாயில என்னடா வேலை என்று.

அப்பா நூலை அறுத்துவிட்டு வந்துவிட்டார். மீன் தூண்டில் முள்ளோடு போய்விட்டது.

கண்மாயை யாரும் ஏலம் எடுக்கவில்லை. ஊர்ப் பையன்கள் பட்டப்பகலில் கரைமேல் உட்கார்ந்து, போனில் பாட்டு வைத்துக்கொண்டு பிடிக்கிறார்கள். காலனிக்காரர்கள் பிடிக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

அப்பாவிடம் இதைச் சொன்னாள். சட்டம் இருக்கிறது என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நீ திங்கக்கிழமை பஸ் ஏறிப் போயிருவ என்றார்.

மதுரையில் அவள் வேலை போனில் பேசுவது. நாள் முழுக்க யார் யாரோ கத்துவார்கள். அவள் மன்னிப்புக் கேட்பாள். அதற்குத்தான் டிகிரி.

நாக்கை ஒரேயடியாகப் பிடுங்கிவிட முடியாது. பிடிமானம் இல்லாமல் சக்கரம் சுற்றும். நூல் கொத்தாகச் சிக்கிக்கொள்ளும்.

நாக்கு இருக்க வேண்டும். சத்தம்தான் கூடாது.

குறடு எடுத்தாள். வீட்டில் இருக்கும் ஒரே குறடு.

ஆறாம் வகுப்புக்கு ஊருக்குள் நடந்து போக வேண்டியிருந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் அம்மா இதே குறட்டால் அவள் கொலுசு முத்துகளை ஒவ்வொன்றாக நசுக்கினாள். கொலுசைக் கழற்றச் சொல்லவில்லை.

கொலுசு போடலாம். குலுங்கக் கூடாது.

பித்தளை நாக்கைக் கழற்றினாள். ஷாம்பு டப்பாவை வெட்டி அதே அளவில் ஒன்று செய்தாள். முதலில் செய்தது உடைந்தது. அடுத்தது உட்கார்ந்தது. பல்லெல்லாம் கிரீஸ் தடவினாள். மூடினாள். சுற்றினாள்.

துணியைத் தடவினால் வரும் சத்தம். அதுகூட இல்லை.

அப்பா காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்தார். படிச்ச புள்ளன்னா சும்மாவா என்று அம்மாவிடம் சொன்னார்.

அவள் கையைக் கழுவப் போனாள். கிரீஸ் லேசில் போகவில்லை.

பித்தளை நாக்கைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஐடி கார்டு உறைக்குள் போட்டுவைத்தாள்.

மறுநாள் அப்பா வரும்போது நன்றாக விடிந்திருந்தது.

மீன் இல்லை. ரீலில் நூலும் இல்லை.

கம்பைக் கவைக்குச்சியில் சாத்திவிட்டு, மறுகரையில் யாராவது வருகிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தாராம். தண்ணீர்ப் பக்கம் பார்க்கவில்லை. திரும்பியபோது நூல் முழுக்க ஓடி, கடைசி முடிச்சில் அறுந்துபோயிருக்கிறது.

யாரும் கத்தவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

"எனக்கே கேக்கல, பாப்பா."

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. ரீலை மகள் முன்னால் வைத்தார். பக்கத்திலேயே குறட்டையும் வைத்தார்.

"பழைய நாக்கையே போட்டுரு."

அவள் ஐடி கார்டு உறையைக் கவிழ்த்தாள். கிரீஸை ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள். நாக்கை வைத்தாள். கம்பிச் சுருளை முன்னைவிடக் கொஞ்சம் இறுக்கினாள். அதை அவர் சொல்லவில்லை.

அப்பா புது நூல் சுற்றினார். வீடு முழுக்கக் கிர்ர்ர். பக்கத்து வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

இனி நாளை விடிகாலைதான் போவார் என்று நினைத்தாள்.

அப்பா சட்டையை மாட்டினார். கம்பை எடுத்தார்.

வெளியே நல்ல வெயில்.

கலுங்குக்குப் போகும் ஒற்றையடிப் பாதை இடது பக்கம். அவர் வலது பக்கம் திரும்பினார். கரைக்கு.

அம்மா வாசல்வரை வந்து நின்றாள். அவளோ கிரீஸ் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தாள்.

கரையில் பையன்கள் இருந்தார்கள். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா அவர்களைத் தாண்டிப் போய், மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த மறைவும் இல்லாத இடம். அவளும் உட்கார்ந்தாள்.

நூலை உருவினார்.

கிர்ர்ர்ர்.

பாட்டு நின்றது.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தார். மெதுவாக, ஒவ்வொரு பல்லாக, சுற்றத் தொடங்கினார்.